ஆகஸ்டில் ஒரு லிட்டரின் எடை

முஹரக்கில் ஆகஸ்ட் மாதம்
ஒரு லிட்டர் எரிபொருள் ஒரு லிட்டராக இருப்பதில்லை.
வெயிலில் ஊதும், எடை குறையும்.
கண்ணாடிக் குடுவையில் மானியை மிதக்கவிட்டு
நான் படிப்பது அந்தக் குறைவைத்தான்.
விமானி லிட்டர் கேட்க மாட்டார்.
கிலோ கேட்பார்.
காற்றுக்குத் தெரிந்தது எடை மட்டும்.

இறக்கைக்கு அடியில் நின்று
குழாயைத் தலைக்கு மேல் தூக்கி
கால் திருகு திருகிப் பூட்ட வேண்டும்.
பன்னிரண்டு வருடமாக என் வலது தோள்
தூக்கத்திலும் அதைத் திருகுகிறது.

பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்:
ஒரு கிலோ எரிந்தால்
மூன்று கிலோவுக்கு மேல் கரிவாயு.
கை தூக்கினேன்.
ஒன்றைக் கொடுத்தால் மூன்றா,
எங்கள் ஊர் வட்டிக்கடையிலும் இல்லாத கணக்கு, சார்.
எல்லோரும் சிரித்தார்கள்.
மீதியைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும் என்றார் அவர்.
கடன் யார் பெயரில் என்று
கேட்கத் தோன்றவில்லை அப்போது.

அந்தப் பக்கம் விலை அதிகம் என்றால்
திரும்பி வருவதற்கும் இங்கேயே நிரப்பச் சொல்வார்கள்.
அதைச் சுமக்க இன்னும் கொஞ்சம்.
அந்தக் கொஞ்சத்தைச் சுமக்க இன்னும் கொஞ்சம்.
கட்டுச்சோற்று மூட்டையைத் தூக்குவதற்கென்றே
இரண்டு கவளம் கூடுதலாகத் தின்றவன் மாதிரி
மூச்சு வாங்கிக்கொண்டு
ஓடுபாதைக்குப் போகும் விமானம்.

எனக்கு மேல் கட்டில் ஷேக் மஸ்தான்.
அவனுக்கும் எண்ணெய் வேலைதான்.
கஃபட்டீரியாக்களின் பின்வாசலில்
சமோசா பொரித்துக் கறுத்ததை
நீலப் பீப்பாயில் வாங்கி வருவான்.
கப்பலேறி எங்கோ போய்த் தெளிந்து
விமானத்துக்கே வந்து சேருமாம்.
‘நாளைக்கு உன் குழாயில் ஓடப்போவது என் சரக்கு’ என்பான்,
சட்டையெல்லாம் வெங்காயம் மணக்க.
ஒருநாள் ராத்திரி கணக்குப் போட்டோம்.
கடைக்கு வாரம் இருபது லிட்டர்.
சென்னைக்கு ஒரே ஒரு தடவை போய் இறங்க
தொள்ளாயிரம் கடைகள்
ஒரு வாரம் பொரிக்க வேண்டும்.
‘பொரிக்கலாம்டா,’ என்றான் மஸ்தான்,
‘யார் தின்பது?’

அந்தச் செவ்வாய்க்கிழமை நாற்பத்தொன்பது டிகிரி.
பாதி ஓடுபாதை பழுதுபார்ப்பில் மூடியிருந்தது.
கடல் பக்கம் காற்றே இல்லை;
இருந்ததும் இளைத்த காற்று,
இறக்கை பிடித்து ஏற அதில் சதை இல்லை.
போகவர நிரப்பி முடித்திருந்தேன்.
எடை ஒத்துவரவில்லை என்றார்கள்.
பதினோரு பேர், பெட்டிகளோடு, நிற்க வேண்டும்.

பேருந்துக்குள் பயணிகள்.
கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார்கள்,
ஏதோ நான்தான் நிறுத்தி வைத்திருப்பது போல.
பொய்யும் இல்லை.
இத்தனை வருடம் நான் மேலே ஏற்றி அனுப்பிய சூட்டில்
ஒரு சிட்டிகையாவது
அந்த மதியத்தில் இருந்திருக்கும்.

கேப்டன் இறங்கி வந்தார். நரைத்த தாடி,
கழுத்தெல்லாம் வியர்வை.
‘திருப்பி எடுக்க முடியுமா?’
‘நாற்பது நிமிடம் ஆகும்.’
‘ஆகட்டும்.’

அன்று குழாய் தலைகீழாகக் குடித்தது.
ஆயிரத்து நூறு கிலோ
வானத்தைப் பார்க்காமல் வண்டிக்குத் திரும்பியது.
வேறொரு விமானம் சாயங்காலம் அதைக் கொண்டுபோனது,
அது தனிக்கதை.
ஆனால் பதினோரு பேரும் ஏறினார்கள்.
ஒருவர் கையில் மிக்ஸி அட்டைப்பெட்டி.

டிசம்பரில் எனக்கு லீவு.
டிக்கெட் எடுக்கும்போது திரை கேட்டது:
உங்கள் புகைக்கு ஈடாக
ஒரு தினார் இருநூறு ஃபில்ஸ் தருகிறீர்களா?
தந்தேன்.
ஷவர்மா ஒன்றரை விலை.
மனசு ஆறவும் இல்லை, பசிக்கவும் இல்லை.

அன்றைக்கு என் இடத்தில் ரெனாட்டோ நிற்பான்.
அவனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்,
கையெழுத்து உன்னுடையது இல்லைதான்,
இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்:
போவதற்கு மட்டும் போதுமா என்று.